இன்ன எழுத்தில் முடியும் பெண் பெயர்: வன்னிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் பெண் குழந்தை பிறந்த வீட்டில் 31ஆம் நாள் துடக்குக் (தீட்டு) கழிவு நெருங்க நெருங்கப் பெயரைப் பற்றிய பேச்சும் கூடிக்கொண்டே போகும். முதலெழுத்தைச் சாதகம் கணித்தவர் குறித்துக் கொடுத்துவிடுகிறார். கடைசி எழுத்து எதுவென்பது வீட்டாரின் ஆசையாக இருக்கிறது: மூத்தவளின் பெயரோடு ஒத்து ஒலிக்க வேண்டும், அம்மம்மாவின் பெயர் முடிந்தது போலவே முடிய வேண்டும், 'ழ' வரவேண்டும், 'ஜா' வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம். தமிழ் கற்பிப்பவர் என்ற வகையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் அளித்துவரும் விடைகளையும் இங்கே எழுதியுள்ளேன்.

கடைசி எழுத்து என்று எதைக் கொள்ள வேண்டும்?

'யாழினி' என்ற பெயர் 'னி'யில் முடிகிறது என்று வீட்டில் சொல்வோம். இலக்கணமோ அது இகரத்தில் முடிகிறது என்று சொல்லும். 'னி' என்பது ன் என்ற மெய்யும் இ என்ற உயிரும் சேர்ந்த எழுத்து, அதில் இறுதியாக ஒலிப்பது இகரமே. இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் தேடும் வேலை பாதியாகக் குறையும். 'னி' மட்டுமே வேண்டும் என்று கட்டிக்கொண்டால் யாழினி, தமிழினி, கவினி என்று சில பெயர்களுக்குள் நின்றுவிடுவீர்கள். இகர ஓசை போதும் என்றால் கனிமொழி, வான்மதி, மலர்விழி, கலைச்செல்வி என்று பெரியதொரு களஞ்சியமே திறக்கும். இரண்டு பெயர்கள் ஒத்து ஒலிப்பது பெரும்பாலும் இறுதி உயிராலும் அதற்கு முந்திய அசையாலுமே ஆகையால், முழு எழுத்தையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய தேவை குறைவு.

தமிழ்ப் பெயர் எந்தெந்த எழுத்துகளில் முடியலாம்?

தமிழ்ச் சொல்லின் இறுதியில் வரக்கூடியவை 24 என்று நன்னூல் வரையறுக்கிறது: உயிர் 12, ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் என்ற மெய்கள் 11, அவற்றோடு குற்றியலுகரம். க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லுக்கு இறுதியாகா. அதனால்தான் எலிசபெத் என்ற பெயர் தமிழ் விவிலியத்தில் 'எலிசபெத்து' என்று உகரம் பெற்று வந்தது. ஏட்டில் 24 இருந்தாலும் பெண் பெயர்களில் உண்மையாக வாழ்பவை இ, ஐ, ஆ, உ, ல், ள், ழ், ர், ம் என்ற ஒன்பதளவே. எனவே யாராவது 'ஞ்'சில் முடியும் பெயர் கேட்டால், அப்படியொரு பெயரைச் செய்து தருவதைவிட வேறோர் எழுத்தைச் சிந்திக்கும்படி சொல்வதே நேர்மை.

கடைசி எழுத்துக்குச் சாத்திரம் ஏதும் உண்டா?

நட்சத்திரப் பாதப்படி எழுத்துப் பார்க்கும் வழக்கம் முதலெழுத்தோடு முடிந்துவிடுகிறது. ரோகிணி என்றால் ஒ, வ, வி, வு. விசாகம் என்றால் தி, து, தே, தோ என்று அந்த அட்டவணை செல்லும். ஈற்றெழுத்தைப் பற்றி அது எதுவும் பேசுவதில்லை. ஈற்றைப் பற்றிப் பேசியவை வடமொழி நூல்கள். பெண்ணின் பெயர் எளிதில் உச்சரிக்கத்தக்கதாகவும், கடுமையற்றதாகவும், மங்கலமானதாகவும், நெட்டெழுத்தில் முடிவதாகவும் இருக்க வேண்டும் என்று மனு நூலின் 2ஆம் அத்தியாயம் 33ஆம் சுலோகம் கூறுகிறது. சீதா, கமலா, தேவீ என்று வடமொழிப் பெண் பெயர்கள் நெடிலில் முடிவதும் இதனோடு பொருந்துகிறது.

ஆனால் அதே நூலின் 3ஆம் அத்தியாயம் 9ஆம் சுலோகம் நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்ணை மணக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆதிரை, முல்லை, காவேரி, குயில் என்று மகள்களை ஆசையோடு அழைத்துவந்த தமிழர் இந்த விதியைப் பொருட்படுத்தவே இல்லை. ஆகையால் ஈற்றெழுத்தைச் சாத்திரத்துக்காகத் தேட வேண்டியதில்லை. காதுக்காகவும் பொருளுக்காகவும் தேடலாம்.

இகரத்தில் முடியும் பெயர்கள் ஏன் இத்தனை உள்ளன?

இகரம் தமிழின் பெண்பால் விகுதி. தோழன் – தோழி, செல்வன் – செல்வி, அரசன் – அரசி என்பவற்றில் அதுவே பெண்ணைக் காட்டுகிறது. இதனால் கேட்ட மாத்திரத்தில் பெண் பெயர் என்று விளங்கிவிடும். விழி, மொழி, மதி, கொடி, அரசி, செல்வி ஆகிய சொற்களை ஈறாக வைத்து முன்னே வேறொரு சொல்லைச் சேர்த்தால் அருள்விழி, யாழ்மொழி, இளமதி, மலர்க்கொடி, எழிலரசி என்று பெயர்கள் பெருகும். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வன்னியில் தூய தமிழ்ப் பெயர் வைப்பது பெரிதும் ஊக்குவிக்கப்பட்டது. அக்காலத்தில் பிறந்த பிள்ளைகளின் பாடசாலை இடாப்பை விரித்தால் இந்த ஈறுகளே வரிசையாக நிற்கும்.

இன்று புதிதாகத் தேடுபவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் 'எழிலி'. முகிலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் அது. மாரி மழையை நம்பிக் காலபோக நெல் விதைக்கும் மண்ணில் பிறந்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. அதில் 'எழில்' என்ற அழகும் சேர்ந்தே ஒலிக்கிறது.

ஐகாரத்தில் முடியும் பெயர்கள் பழமையாகத் தோன்றாதா?

அவை பழமையானவையே, ஆனால் பழசாகிப்போனவை அல்ல. ஔவை, மணிமேகலை, கோதை, பாரி மகளிரின் பெயர்களாக மரபு வழங்கும் அங்கவை, சங்கவை ஆகிய எல்லாம் ஐகார ஈறுகள். வடமொழிப் பெயர் தமிழுக்கு வரும்போது ஈற்று ஆகாரம் ஐகாரமாகும் என்பது நன்னூல் காட்டும் முறை: சீதா சீதையானாள், ராதா இராதையானாள். இந்த முறையை அறிந்துகொண்டால், 'ஆ'வில் முடியும் பெயரை ஒருவரும் 'ஐ'யில் முடியும் பெயரை மற்றவரும் விரும்பும் வீட்டில் பிணக்கைத் தீர்க்கவும் உதவும்.

நம் மண்ணுக்கே உரிய சான்று வற்றாப்பளை அம்மன் கோயிலில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் 'கண்ணகி' என்று இகரத்தில் முடியும் பெயர், வைகாசிப் பொங்கலுக்கு நந்திக்கடலோரம் திரளும் மக்களின் வாயில் 'கண்ணகை' என்று ஐகாரத்தில் முடிகிறது. எங்கள் பாட்டிமாரின் பெயர்களான அன்னப்பிள்ளை, சின்னப்பிள்ளை, வள்ளியம்மை என்பவையும் ஐகாரத்திலேயே நின்றன. அம்மம்மாவின் நினைவாக ஐகாரம் வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றைய காதுக்கு இசைந்த ஆதிரை, தாமரை, வாகை, முல்லை, பூவை என்பவற்றை எண்ணிப் பார்க்கலாம். கிளிநொச்சியில் பிறந்த பிள்ளைக்குக் கிளியையே பெயராக்க விரும்பினால் கிள்ளை, தத்தை என்ற இரண்டு சொற்கள் காத்திருக்கின்றன. இரண்டும் கிளியைக் குறிப்பன, இரண்டும் ஐகாரத்தில் முடிவன. பேச்சில் ஈற்று ஐகாரம் சற்றுக் குறுகி, 'கோதை' என்பது 'கோதெ' போல ஒலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

ஆகாரத்தில் முடியும் தமிழ்ப் பெயர் உண்டா, அல்லது எல்லாம் வடமொழியா?

உண்டு, ஆனால் குறைவு. நிலா, கனா, உலா, விழா என்பவை ஆகாரத்தில் முடியும் தமிழ்ச் சொற்கள். இவற்றில் நிலாதான் பெயராக நிலைத்தது, வெண்ணிலா, இளநிலா என்று கிளைத்தும் வளர்ந்தது. சர்மிளா, கிரிஜா, தர்சிகா போன்றவை வடமொழி வழியில் வந்தவை. ஆயிஷா, பாத்திமா என்று மன்னார், முல்லைத்தீவு முஸ்லிம் வீடுகளில் கேட்கும் ஆகாரம் அரபு மொழியின் பெண்பால் ஈற்றிலிருந்து வருவது. தாயின் முதலெழுத்தையும் தந்தையின் முதலெழுத்தையும் கோத்து 'ஜா', 'ஷா', 'னா' என்று முடித்துப் புதிய பெயர் கட்டும் வழக்கமும் நம்மிடையே பரவியிருக்கிறது. அதில் பெற்றோரின் அன்பு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தன் பெயருக்கு என்ன பொருள் என்று அந்தப் பிள்ளை ஏழு வயதில் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு விடை இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ல், ள், ழ், ர் என்ற மெய்களில் முடியும் பெயர் பெண்ணுக்குப் பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும். கயல், குயில், ஆம்பல், தென்றல் ஆகியவை ல். காந்தள், திங்கள், நிலமகள் ஆகியவை ள். தமிழ், யாழ், மகிழ், பூவிதழ் ஆகியவை ழ். மலர், சுடர், தளிர், துளிர் ஆகியவை ர். இவற்றில் முகில், எழில், தமிழ், மகிழ் போன்றவை ஆண் பிள்ளைக்கும் வைக்கப்படுகின்றன. அது உறுத்தினால் 'மகள்', 'மலர்', 'சுடர்' போன்ற ஈற்றைத் தேர்ந்தெடுங்கள். கிறித்தவ வீடுகளுக்கு ளகரம் பழகிய ஒன்று: தமிழ் விவிலியம் மரியாவை 'மரியாள்' என்றும், மார்த்தாவை 'மார்த்தாள்' என்றும் ளகரம் சேர்த்துத் தமிழாக்கியது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களின் பாட்டிமார் பெயர்களிலும் 'அம்மாள்' என்ற ஈறு உண்டு. அந்தப் பெயரின் நினைவாக ளகரம் வேண்டும் என்று கேட்ட ஒரு பேத்தியின் பெற்றோருக்குத் 'திங்கள்' பிடித்துப்போனது.

ழகரம் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ழகரம் தமிழின் அழகு என்று விரும்பி வைக்கிறோம். ஆனால் நம் பகுதிப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. 'மகிழ்' என்று பெயர் வைத்தால் ஊர் 'மகிள்' என்றே கூப்பிடும். பெயரின் நடுவில் நிற்கும் ழகரத்தைவிட ஈற்றில் நிற்கும் ழகரம் இன்னும் எளிதில் மாறிவிடும், ஏனென்றால் அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் உயிர் பின்னால் இல்லை. ழகரத்தை ஒலித்துக் காட்ட வீட்டில் ஒருவராவது ஆயத்தமாக இருந்தால் தயங்காமல் வையுங்கள். குழந்தை தன் பெயர் வழியாகவே அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளும்.

ம், ன், உ ஆகியவற்றில் முடியும் பெயர்கள்?

மகர ஈறு ஒரு தலைமுறைக்கு முன் மிக வழக்கமாக இருந்தது: தங்கம், கனகம், பாக்கியம். இன்று அருகிவிட்டது, திரும்பி வந்தால் மகிழ்வேன். 'ன்' ஆண்பால் விகுதியாகவே காதில் விழும். உகரத்தில் அமுது, முத்து, சிட்டு, மது ஆகியவை செல்லப் பெயராகவும் முழுப் பெயராகவும் நிற்கும்.

மறைந்த ஒருவரின் பெயர் முடிந்த எழுத்திலேயே எங்கள் குழந்தையின் பெயரும் முடிய வேண்டும் என்று விரும்புகிறோம். அப்படி வைக்கலாமா?

வன்னியில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிட அதிகம் கேட்கப்படுகிறது. ஏன் என்பதை இங்குள்ள எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள் பலருக்கு, பார்த்தறியாத சித்தியின் பெயரோ அத்தையின் பெயரோ இடப்பட்டிருக்கிறது. முழுப் பெயரையும் வைப்பது தவறன்று. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அம்மம்மாவின் குரல் இடறுமானால், குழந்தை அதைக் கேட்டே வளரும். ஈற்றை மட்டும் எடுத்துக்கொள்வது அந்த இடத்தில் நல்ல வழி என்று நான் நம்புகிறேன்.

ஒரு வீட்டில் இதை அருகிருந்து பார்த்தேன். மறைந்த மகளின் பெயர் 'மதி' என்று முடியும். பேத்திக்கு அதே பெயரை வைக்கத் தாய்க்கு விருப்பம். பாட்டி வேண்டாம் என்று தலையை அசைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இளமதி, வான்மதி, கலைமதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். 'வான்மதி' என்றபோது சுளகு நின்றது. அவர் அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லி, பிறகு சுருக்கி 'மதி' என்று சொன்னார். அந்தக் குழந்தைக்குத் தனக்கென ஒரு பெயர் கிடைத்தது. வீட்டில் கூப்பிடும்போது பழைய பெயரும் இருந்தது. பெயரின் கடைசிச் சொல்லே வீட்டுப் பெயராகச் சுருங்குவது நம் வழக்கம் என்பதால், ஈற்றை ஒத்ததாக வைத்தால் இது தானாகவே அமையும்.

அக்கா, தங்கை எல்லோருக்கும் ஒரே ஈறு வைப்பது நல்லதா?

இரண்டு பிள்ளைகள் வரை இனிமை. யாழினி, தமிழினி என்று மூன்றாவதும் நான்காவதும் தொடர்ந்தால், வளவின் மறுபக்கத்திலிருந்து கூப்பிடும்போது யாரை அழைத்தது என்று பிள்ளைகளுக்கே தெரியாது. தூரத்தில் தெளிவாகக் கேட்பது நீட்டி ஒலிக்கும் ஈறுதான். ஈறு ஒன்றாக இருந்தால் முதலசை நன்கு வேறுபடட்டும்.

முதலெழுத்தும் கடைசி எழுத்தும் இரண்டும் கட்டாயமானால் எப்படித் தேடுவது?

ஈற்றிலிருந்து தொடங்குங்கள். விசாகத்தில் பிறந்த பிள்ளைக்குத் 'தே' என்று குறித்திருக்கிறார்கள் என்று கொள்வோம். தே என்று தொடங்கும் முழுப் பெயரை நினைத்து ஓடாமல், 'தேன்' என்ற சொல்லை முன்னே நிறுத்தி ஈற்றுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள்: இகரத்துக்குத் தேன்மொழி, லகரத்துக்குத் தேன்குழல், ரகரத்துக்குத் தேன்மலர், ழகரத்துக்குத் தேனிதழ். தமிழ் தொகைச் சொற்களால் பெயர் கட்டும் மொழி என்பதால் இந்த முறை பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஆயிலியத்துக்குரிய டி, டு, டே, டோ போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாதவை. அங்கே சாதகத்துக்கு ஒரு பெயர், அழைக்க ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. அல்லது முதலெழுத்தை விட்டுக்கொடுத்து ஈற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்த பெயர் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

கூப்பிட்டுப் பாருங்கள். கிணற்றடியில் நின்று படலை வரை கேட்கும்படி உரத்துக் கூப்பிடுங்கள். தொல்காப்பியத்தின் விளிமரபு இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. இகரம் ஈகாரமாக நீளும்: தோழி தோழீ ஆகும், யாழினி யாழினீ ஆவாள். ஐகாரம் 'ஆய்' ஆகும்: அன்னை அன்னாய், நங்கை நங்காய். ல், ள் முதலிய மெய்களில் ஈற்றுக்கு முந்திய உயிர் நீளும்: தோன்றல் தோன்றால், மக்கள் மக்காள். ஈராயிரம் ஆண்டுப் பழைய இலக்கணமாயினும், வயலில் நிற்பவளைக் கூப்பிடும் எவரும் இன்றும் இகர ஈற்றை நீட்டியே கூப்பிடுகிறார்கள்.

அடுத்து 'அக்கா'வைச் சேர்த்துப் பாருங்கள். நாளை தம்பி தங்கைமாரும் அயல் பிள்ளைகளும் அவளை அப்படித்தான் அழைப்பார்கள். யாழினியக்கா, நிலாவக்கா, மலரக்கா, கயலக்கா என்று இடையில் யகரமோ வகரமோ வந்தும், மெய்யின்மேல் உயிர் ஏறியும் பெயர்கள் எளிதாகப் பொருந்துகின்றன. நாக்கு இடறினால் வேறு பெயர் பாருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஈற்றெழுத்து என்னவாகும்?

ல், ள், ழ் மூன்றும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே 'எல்' ஆகிவிடும். ழகரத்துக்குத் தமிழகத்தில் 'இசெட்', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதுவர். நம் நாட்டில் யாழ் என்பதை 'ஆர்', 'எல்' சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு. எதையாவது ஒன்றைத் தேர்ந்து, எல்லா ஆவணங்களிலும் அதையே எழுதுங்கள். எண்சோதிடத்துக்காக ஈற்றில் ஓர் 'ஏ'யையோ 'எச்'சையோ கூட்டுவதை நான் ஊக்குவிப்பதில்லை. சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் பெயர் நின்றால், துன்பப்படப்போவது குழந்தையே.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை எவை?

பெயரைத் தெளிவாகத் தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள். என் உறவினர் ஒருவரின் மகள் 'மலர்விழி'. பதிவின்போது வாய்மொழியாகச் சொன்னதால் பத்திரத்தில் 'மலர்விளி' என்று ஏறிவிட்டது. விழி கண், விளி அழைப்பு, பொருளே மாறிவிட்டது. பிள்ளை பாடசாலையில் சேரும் நாளில்தான் அதைக் கண்டார்கள். ஆகவே எழுதியதைப் படித்துப் பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள்.

தொகைப் பெயர்களில் ஒற்று மிகும் இடங்களையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தமிழ்ச்செல்வி என்று ஒற்றோடு எழுதுவதே முறை; ஒற்றில்லாமல் ஓர் ஆவணமும் ஒற்றோடு இன்னொன்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிறுவுவதற்காகக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அலைய நேரும். இடம்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்து, மீண்டும் எடுக்க நடமாடும் சேவைகளின் வரிசைகளில் நின்ற தலைமுறை நாம். ஓர் ஒற்றெழுத்தின் பெறுமதி நமக்குத் தெரியும்.

எத்தனை நாட்களுக்குள் பெயரை முடிவு செய்ய வேண்டும்?

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். 3 மாதங்கள் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகி, கூடுதல் ஆவணங்கள் தேவைப்படும். 31ஆம் நாளில் பெயர் வைத்தால் பதிவுக்கு இன்னும் 11 நாட்கள் கையில் இருக்கும். பெயர் முடிவாகாவிட்டால் பிறப்பை மட்டும் பதிந்துவிட்டுப் பெயரைப் பின்னர் சேர்க்கவும், பதிந்த பெயரை மாற்றவும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் நடைமுறையில் வழி உண்டு. விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம். இருந்தாலும் அந்த 11 நாட்களும் குழந்தையைப் புதுப் பெயரால் வீட்டில் எல்லோரும் அழைத்துப் பாருங்கள். ஈறு வாயில் நிற்கிறதா, நழுவுகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.